தெருக்குத்து இல்லாத வீடு

பார்சலோனாவில் நான் கால் வைத்ததில்லை. ஆனால் அங்கே கிராசியா என்கிற பகுதியில், மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிற சதுக்கத்தில் என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும், எந்த ஒழுங்கையால் இறங்கினால் சந்தை வரும் என்று சொல்லிவிடுவேன். கடற்கரையோரம் பார்சலோனெட்டாவில் வீடுகள் எவ்வளவு ஒடுக்கம் என்று தெரியும். ஒரு பல்கனியில் காயப்போட்ட துவாய் எதிர்ப் பல்கனிக்காரரின் முகத்தில் அடிக்கும். மூன்று வருடமாக இருக்கிற மொன்றியலைப் பற்றிக் கேட்டால்தான் முழிப்பேன். எனக்குத் தெரிந்தது ஆக்காடி மெட்ரோவும், புவாண்ட்-கிளேரில் நான் பெட்டி ஒட்டுகிற வெயார்ஹவுஸும், இரண்டுக்கும் நடுவில் எங்களை ஏற்றி இறக்குகிற வானின் பின் இருக்கையும்தான்.

நான் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு அன்ரி வீட்டு மேல்மாடியில் ஒரு அறை. இந்தப் பகுதிக்கு நாலு பக்கமும் அடைப்பு. மேலே பெருந்தெரு, கீழேயும் பக்கத்திலும் ரயில் தண்டவாளம், மற்றப் பக்கம் ஆக்காடி வீதி நெடுகக் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் பணக்காரர்களின் ஊர். கதவு இருக்கிறது, போகலாம், யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் நான் நடக்கப் போனால் வேலியோரமாகவே போய், வேலியோரமாகவே திரும்பி வருவேன். மறிக்கிறவர் இல்லாமலே நின்றுவிடப் பழகிவிட்டேன் என்று நினைக்க எனக்கே எரிச்சலாக இருக்கும்.

வந்திறங்கிய அன்றே குடிவரவுக்காரர் என் கடவுச்சீட்டை வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் படம் ஒட்டிய ஒரு தாள் தந்தார்கள். அகதி என்று ஏற்கிறதா இல்லையா என்று ஒரு விசாரணை நடக்கும், அதுவரை வேலை செய்யலாம், பிரெஞ்சு படிக்கலாம், வருத்தம் வந்தால் மருந்தெடுக்கலாம். நாட்டை விட்டு மட்டும் போகக்கூடாது. போனால் வழக்கைக் கைவிட்டதாகக் கணக்கு, திரும்பி வர வழியில்லை. என் வழக்கைப் பார்க்கிற லோயர் இதை முதல் நாளே இரண்டு தரம் சொன்னார். எங்கே போகப்போகிறேன் என்று அப்போது சிரித்தேன்.

பார்சலோனாவில் இருப்பவள் என் தங்கச்சி. ஒன்பது வயது இளையவள். ஹோட்டல் படிப்புப் படிக்கப் போய், படிப்பு முடிந்து, அங்கேயே ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுப் பகுதியைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் இல்லை. அவளுக்குத் தாயும் நான்தான், தகப்பனும் நான்தான் என்று ஆட்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் பக்கத்தில் இருந்தால் நிலத்தைப் பார்ப்பாள். வெட்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவள் ஒருவரை விரும்பினாள். அந்த ஊர்க்காரர், லிஃப்ட் திருத்துகிற தொழில். முதலில் நான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு அவரை வீடியோவில் காட்டினாள். மெலிந்த மனிதர், நெற்றி ஏறிய தலை, கையில் எப்போதும் கொஞ்சம் கறுப்பு எண்ணெய். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "அக்கா, கதிரை, குசினி, சப்பாத்து" என்றார். நான் திகைத்துப் போனேன். அவர்கள் பாஷையிலும் இருக்கிற கதிரைக்கும் சமைக்கிற குசினிக்கும் காலில் போடுகிற சப்பாத்துக்கும் கிட்டத்தட்ட அதே சொற்களாம். தங்கச்சி வாயில் அவற்றைக் கேட்ட நாளிலிருந்து தமிழரும் தாங்களும் சொந்தக்காரர் என்று நம்பிவிட்டாராம். போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுவிட்டுப் போன சாமான்களை வைத்துக்கொண்டு ஒருவர் எனக்கு மரியாதை செய்கிறார். என்ன சொல்வது? "கதிரையில இருக்கச் சொல்லு" என்றேன். அன்றோடு அவர் எனக்கு மாப்பிள்ளை.

கல்யாணத்துக்கு நான் வரவேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். அவள் இங்கே வந்து போகவும் வழியில்லை. ஒருமுறை விசாவுக்கு எழுதிப் பார்த்தாள், மறுத்துவிட்டார்கள். ஆகவே எல்லாம் என் விசாரணையில் தொங்கியது. விசாரணை நடந்து, ஏற்றுக்கொண்டு, பயணப் பத்திரம் எடுத்து, அதில் விசா குத்தி. எப்படிக் கூட்டினாலும் ஒரு வருடத்துக்கு மேல் வந்தது. அவளோ ஹோட்டல்காரர் கொடுத்த அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு இருந்தாள். அவர் நாலு பேரோடு ஒரு வீட்டைப் பங்குபோட்டிருந்தார்.

"முதல் வீடு பாருங்கோ. வீடு சரிவந்தால் திகதி வைக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது அதில் கள்ளம் இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். ஒரு குடும்பம் தொடங்குகிறதென்றால் கூரை வேண்டாமா?

"ஓம் அக்கா. நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

அப்படித்தான் எங்கள் செவ்வாய்க்கிழமைகள் தொடங்கின. செவ்வாய் எனக்கும் ஓய்வு நாள், அவளுக்கும். எனக்குக் காலை ஒன்பது மணி என்றால் அவளுக்குப் பின்னேரம் மூன்று. மாப்பிள்ளை லிஃப்ட் திருத்தப் போகிற கட்டடங்களில் எங்கே வீடு காலியாகிறது என்று காவலாளிகளிடம் கேட்டு வைத்திருப்பார். தங்கச்சி போனைக் கையில் பிடித்தபடி நடப்பாள். நான் கட்டிலில் சம்மணம் கட்டி, தேத்தண்ணியோடு, அவளுடைய உள்ளங்கையில் இருந்து ஊர் பார்ப்பேன். அவள் போனைத் தாழ்த்தினால் நடைபாதைக் கல்லில் பூ செதுக்கியிருப்பது தெரியும். உயர்த்தினால் வானம். யன்னலுக்கு வெளியே இங்கே பனி, அங்கே ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தெருவோர மேசைகளில் கோப்பி குடிப்பார்கள்.

நான் மூன்று விதி வைத்தேன். வாசல் கிழக்கைப் பார்க்க வேண்டும். குசினி தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டும். தெருக்குத்து இருக்கக்கூடாது. தெருக்குத்து என்றால் ஒரு தெரு நேராக வந்து வாசலில் முட்டுவது. அப்படி வீடு அமைந்தால் குடியிருக்கிறவர்களுக்கு நிம்மதி இராது என்று எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் ஒரு பிள்ளையாரை வைப்பார்கள், அல்லது வீட்டையே வேண்டாம் என்பார்கள். தங்கச்சி இதை மாப்பிள்ளைக்கு மொழிபெயர்த்தாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். அடுத்த செவ்வாயே போனில் திசைகாட்டியோடு வந்து நின்றார்.

முதல் வீடு கிராசியாவில். குட்டி குட்டிச் சதுக்கங்கள், அவற்றில் பந்தடிக்கிற பிள்ளைகள், வாங்குகளில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருக்கிற கிழவர்கள். எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் வாசல் தென்மேற்கு. வேண்டாம் என்றேன். ராவல் என்கிற பகுதியில் அடுத்த வீடு. இறைச்சிக்கடை, பாகிஸ்தான்காரர்களின் போன் கடை, சிகை அலங்காரக் கடை என்று நெருக்கியடித்தபடி, நான் இருக்கிற தெருவே எழுந்து அங்கே போய்விட்ட மாதிரி இருந்தது. இஞ்சை மாதிரி இருக்கிறதுக்கு நீ அங்கை போகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். பார்சலோனெட்டா வீட்டில் குசினிக்குள் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் கைக்குப் பட்டன. தங்கச்சி விரித்துக் காட்டினாள். அதை நானே சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றேன்.

இந்த வீடுகளை நேர்மையாகத்தான் மறுத்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

சான்ட் அன்ட்ரேவில் ஒரு வீடு வந்தது. ஒரு காலத்தில் தனி ஊராக இருந்து பிறகு நகரத்துக்குள் போன இடம். தாழ்ந்த வீடுகள், அமைதி, ஒரு தேவாலயம். பின்பக்கத்துச் சுவருக்கு அப்பால் அயல்வீட்டு எலுமிச்சை மரம், கையெட்டினால் பிடுங்கலாம். தங்கச்சிக்கு ஆசை பிடித்துவிட்டது என்று அவள் போன் ஆடுகிற ஆட்டத்திலேயே தெரிந்தது.

"வாசல் எந்தப் பக்கம்?" என்றேன்.

"மலைப் பக்கம்" என்றாள்.

"மலையென்ன மலை? திசையைச் சொல்லு."

அந்த ஊரில் திசை கேட்டால் அப்படித்தான் சொல்வார்களாம். மலைப் பக்கம், கடல் பக்கம். வடக்கு தெற்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கடல் தென்கிழக்கில் கிடந்தது. அப்படியானால் மலைப் பக்கம் வடமேற்கு. "வாயு மூலை. வாசலுக்கு ஆகாது" என்றேன். அவள் எலுமிச்சை மரத்தை இன்னொருமுறை காட்டினாள். நான் வரைபடத்தை மூடினேன். "ஓம் அக்கா" என்றாள்.

அந்த வீட்டை மறுத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வீடு தவறிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியவள், பரீட்சை பின்போடப்பட்ட பிள்ளையைப் போல இலேசாகி, மறுநாள் பெட்டி ஒட்டப் போனேன். வேலைக்கு ஏற்றிப்போகிற வானில் பக்கத்தில் இருந்தவர் என்ன சந்தோசம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மாசி மாதத்தில் லோயரிடமிருந்து அழைப்பு வந்தது. பங்குனிக்கு என்று சொல்லியிருந்த விசாரணை பின்போடப்பட்டிருக்கிறது. புதுத் திகதி பிறகு வரும். எப்போது என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்றார். நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். பிரெஞ்சிலேயே நன்றி சொன்னேன், வகுப்பில் படித்தது வீண் போகவில்லை. பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். அன்ரி கீழே இருந்து "என்ன பிள்ளை, விழுந்திட்டியே?" என்று கேட்டார். ஓம் அன்ரி, கட்டிலில் தட்டுப்பட்டிட்டன் என்றேன்.

அடுத்த செவ்வாய் மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்று பார்த்தது ஐஷாம்ப்லா என்கிற பெரிய பகுதி. சதுரம் சதுரமாகக் கீறின மாதிரித் தெருக்கள். ஒவ்வொரு சதுரத்தின் நாலு மூலையையும் கத்தியால் சீவி விட்டிருக்கிறார்கள். ஆகவே சந்திக்குச் சந்தி, கூர் முனைக்குப் பதில் ஒரு தட்டையான முகப்பு. மாப்பிள்ளை கொப்பியில் படம் போட்டுக் காட்டினார். தெருக்கள் எல்லாம் சரிவாகப் போகின்றன. அதனால் தெருவைப் பார்க்கிற எந்த வாசலும் சரியான கிழக்கில் விழாது. ஆனால் சீவின மூலைகள் அப்படியல்ல. அவை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நேரே பார்க்கின்றன. ஆகவே அக்கா கேட்கிற வாசல் இந்த ஊரில் முனை வீடுகளில்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கிறார்.

தெருவாசலில் நின்று போனை நீட்டினார். தொண்ணூறு பாகை. முள் அசையாமல் நின்றது. மேலே ஏறினார்கள். இரண்டு அறை, பல்கனி, நிலத்தில் கோலம் போட்ட மாதிரி ஓடுகள். குசினி இருந்தது தென்கிழக்கில். மாப்பிள்ளை அதையும் அளந்து காட்டிவிட்டு, "அக்கா, குசினி" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. தங்கச்சி போனைத் தன் பக்கம் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அவள் பார்த்த பார்வைக்கு ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பங்குனி, சித்திரை, வைகாசி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வீடு சரி என்றால் இரண்டு மாதத்தில் கல்யாணம். திகதியே இல்லாத விசாரணை. நான் இந்த அறையில், இந்தக் கட்டிலில்.

"சந்தி வீடு" என்றேன். "நாலு பக்கத்தாலையும் தெரு வந்து முட்டுது. தெருக்குத்து."

ஒரு தெருவும் முட்டவில்லை. வாசலுக்கு நேரே எதிர்முனை வீட்டின் வாசல்தான் இருந்தது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன். மாப்பிள்ளைக்குத் தங்கச்சி மொழிபெயர்த்தாள். அவர் பல்கனிக்குப் போய்க் கீழே குனிந்து தெருவைப் பார்த்தார், திரும்ப ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"ஓம் அக்கா" என்றாள் தங்கச்சி.

 பொய் சொன்ன அந்தக் கிழமை வேலையில் ஸ்பெயினுக்குப் போகிற பெட்டி ஒன்று கைக்கு வந்தது. முகவரியைப் பார்த்தேன், வேறு ஊர். ஆனாலும் அந்தப் பெட்டி மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒட்டு நாடாவை இழுத்து இரண்டு சுற்றுக் கூடச் சுற்றி விட்டேன். திறக்கிறவர் பாடுபடட்டும்.

பிறகு வந்த இரண்டு செவ்வாயும் மழை, வேலை என்று வீடு பார்க்கவில்லை. மூன்றாவது செவ்வாய் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து அழைத்தார்கள். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். தங்கச்சி சொல்ல மாட்டேன் என்கிற மாதிரித் தலையாட்டினாள். அவர் விடவில்லை.

"அக்கா, கோவிக்கக்கூடாது. இவர் உங்கட வீட்டை மாதிரி வைச்சுத் தேடலாம் எண்டு நினைச்சவர். அக்கா இருக்கிற வீடு எல்லாம் சரியாத்தானே இருக்கும், அதைப் போல ஒண்டு பாப்பம் எண்டு. உங்கட விலாசத்தை வரைபடத்தில போட்டுப் பாத்தவராம்."

"அதுக்கென்ன? என்ர வாசல் கிழக்குத்தானே."

"இல்லையாம் அக்கா. வடகிழக்காம்."

நான் சிரித்தேன். இந்தத் தெரு தெற்கு வடக்காகப் போகிறது, குறுக்குத் தெருப் பலகைகளில் இந்தப் பக்கம் மேற்கு என்றும் தண்டவாளம் தாண்டிப் போனால் கிழக்கு என்றும் எழுதியிருக்கிறது, பிரெஞ்சு தெரிந்தவர்கள் எழுதியது, நான் வாசித்துத்தான் வந்தேன் என்றேன். என்றாலும் போனோடு படியிறங்கிக் கீழே போனேன். வாசல்படியில் நின்று திசைகாட்டியைத் திறந்தேன். முள் கிழக்கில் நிற்கவில்லை. கிழக்குக்கும் வடக்குக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. போனைத் தட்டினேன், திருப்பிப் பிடித்தேன். அது தன் பாட்டில் வந்து அதே இடத்தில் நின்றது.

இந்த ஊரில் ஆற்றை வைத்துத் திசை பேசுகிறார்கள். ஆறு வளைந்து போகிறது, கிழக்கும் அதோடு சேர்ந்து வளைந்துவிட்டது. பெயர்ப்பலகையில் இருக்கிற கிழக்கு சூரியன் உதிக்கிற கிழக்கு இல்லை. மூன்று வருடமாக ஒரு நாள்கூட வெயில் என் வாசலுக்கு நேரே வரவில்லை. கனடாச் சூரியன் குளிருக்கு ஒதுங்கி வருகிறது என்று நினைத்திருந்தேன். அந்தப் பலகையை நம்பித்தான் சாமித்தட்டையும் வைத்தேன், விளக்கையும் வைத்தேன். அந்தப் பலகையை நம்பிக்கொண்டுதான் கடல் தாண்டி இருக்கிற ஊரில் வீட்டுக்கு வீடு குறை கண்டுபிடித்தேன். பின்னேரம் அன்ரியிடம் சொன்னபோது, "ஈசான மூலை தானே பிள்ளை, அதுவும் நல்லதுதான்" என்று வெங்காயத்தை வெட்டினார்.

போனோடு வாசல்படியிலேயே இருந்துவிட்டேன். தங்கச்சி மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்ல அவர் எழுந்து போனார். அவள் மட்டும் திரையில் இருந்தாள்.

"அக்கா, அந்த முனை வீட்டில தெருக்குத்து இல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பின்னை ஏன் ஓம் எண்டனீ?"

"நீங்கள் வரவேணும் எண்டு எனக்கும் ஆசை. அதுதான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். தெரிந்துகொண்டு என்னை விளையாட விட்டாயா, என்னை மடைச்சியாக்கினாயா என்று கேட்டேன். வாசல்படியில் இருந்து கத்துகிறேன் என்பதே மறந்துவிட்டது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் நான் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் எத்தினை வீடு பாக்கோணும் எண்டு சொல்லுங்கோ, பாக்கிறன். வருசம் எண்டாலும் பாக்கிறன். ஆனா திசையைச் சொல்லாதேங்கோ அக்கா. அந்தாள் பாவம், எல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கு. எனக்காகப் பொறுத்திரு எண்டு நேரா சொல்லுங்கோ. நான் ஓம் எண்டு சொல்லுவன்."

அவள் சொல்வாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் கேட்டால் அவள் அந்த ஹோட்டல் அறையில், இரண்டு பெண்களின் நடுவில், எனக்கு ஒரு கடிதம் வரும்வரை படுத்திருப்பாள். என்னை இங்கே அடைத்து வைத்திருப்பது ஒரு சட்டம். அவளை அங்கே அடைத்து வைத்திருந்தது நான்.

அன்று போனை வைத்துவிட்டேன். ஒரு கிழமை அவள் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. செவ்வாய் ஒன்பது மணிக்கு நானே எடுத்தேன்.

"அந்த எலுமிச்சை மர வீடு இருக்கோ?"

"அதை எப்பவோ வேற ஆக்கள் எடுத்திட்டினம் அக்கா."

"அப்ப வேற எது இருக்கு?"

நோவ் பாரிஸ் என்கிற மேட்டுப் பகுதியில் ஒன்று இருந்தது. தெருக்களே படிகளாக ஏறுகிற இடம். சில இடங்களில் வயதானவர்களுக்காகத் தெருவிலேயே நகரும் படி போட்டிருக்கிறார்கள். நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை. லிஃப்ட் திருத்துகிறவர் லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கப் போகிறார் என்று எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. வாசல் மலைப் பக்கம். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். என்ன சொல்வேனோ என்று பார்த்தாள்.

"எடு" என்றேன். "திகதியை வை."

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே பகல் ஒரு மணிக்குப் பதிவு. எனக்குக் காலை ஏழு. ஐந்தரைக்கே எழுந்து முழுகி, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு பட்டுச் சேலையை உடுத்தேன். கட்டிலில் இருந்தால் மரியாதையில்லை என்று அன்ரி கீழே கூப்பிட்டுத் தன்னுடைய சாப்பாட்டு மேசையில் இருத்தினார். தேத்தண்ணி தந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். என் பக்கத்து ஒலியை மூடி வைக்கும்படி தங்கச்சி முதல் நாளே சொல்லியிருந்தாள். "நீங்கள் அழுவீங்கள் அக்கா, மண்டபம் முழுக்கக் கேக்கும்." மூடி வைத்தேன்.

போனைக் கொண்டு வந்தவர் மாப்பிள்ளை. நல்ல சாம்பல் நிறக் கோட்டு, கையில் எண்ணெய் இல்லை. மண்டபத்தின் முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை விட்டிருந்தார்கள். அதில் பூ வைத்திருந்தது. "அக்கா, கதிரை" என்று சொல்லி, என்னை அதில் நிறுத்தி, எதிலோ சாத்தினார். பிறகு மற்றக் கையில் இருந்த ஒரு போனை எனக்குக் காட்டினார். அது திசைகாட்டி. கதிரையை மெல்ல நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் நகர்த்தினார், முள் தொண்ணூறில் நின்றதும் நிறுத்தினார். அக்காவை மட்டுமாவது கிழக்குப் பார்க்க வைத்துவிட்டேன் என்கிற சந்தோசம் அவர் முகத்தில். பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடினார்.

எனக்கு முன்னால் இருந்தது மண்டபத்தின் வாசல். இரட்டைக் கதவு, பித்தளைக் கைபிடி. பதிவு மேசையும் அவர்களும் எனக்குப் பின்னால்.

கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் வாசிக்கத் தொடங்கினார். பிந்தி வந்த ஒரு தம்பதி கதவைத் திறந்து, நுனிக்காலில் நடந்து என்னைக் கடந்து போனார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒரு விரலால் தொட்டால் ஒலி திறக்கும். திருப்பி வையுங்கோ என்று சொன்னால் போதும், யாராவது திருப்புவார்கள். விரலைக் கொண்டுபோனேன். என்னுடைய சத்தம் ஏற்கனவே அவளுடைய கல்யாணத்தை மாதக் கணக்கில் நிறுத்தி வைத்திருந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

வாசித்து முடிந்து ஒரு கேள்வி வந்தது. மாப்பிள்ளையின் குரல் பதில் சொன்னது. இன்னொருமுறை அதே கேள்வி. 

"ஓம்" என்றாள் தங்கச்சி.

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, அவள் அந்த ஊர்ப் பாஷையில் திரும்பவும் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்ரியின் மேசையில் நானும் தட்டினேன், கதவைப் பார்த்தபடியே.